இடப்பக்கமாக ஒரு சுற்று

அநுராதபுரம் போவதற்கு முதல் நாள் பின்னேரம் நான் ஒரு சேலைக்குப் பயந்தேன். வேலையால் வந்து வீட்டுக் கதவைத் திறந்தபோது முன்னறையில் லைட் போட்டிருக்கவில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிவீடு எங்களுடையது. ரயில் போனால் சன்னல் கண்ணாடி அதிரும், கடற்காற்று கேட்காமலே உள்ளே வந்து உலாவும். அந்த அரையிருட்டில் கதிரையில் யாரோ எனக்கு முதுகு காட்டி வெள்ளையாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தலை மட்டும் மெல்ல அசைந்தது.

"அம்மா" என்று கூப்பிட்டேன்.

"என்ன பிள்ளை?" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது.

லைட்டைப் போட்டேன். கதிரையின் முதுகில் தொங்கியது கீழ்வீட்டு அக்கே இரவல் தந்த வெள்ளைச் சேலை. அம்மா அதை ஸ்திரிக்கை போட்டுக் காற்றாட விட்டிருந்தார். எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. நான் வங்கியில் வேலை செய்கிறவள். பேய் பிசாசு என்று யாரும் கதை சொல்லத் தொடங்கினால் முகத்துக்கு நேரே சிரிக்கிறவள். அதனால் இதை யாருக்கும் சொல்லவில்லை.

அந்தச் சேலை வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் அப்பாவின் நெஞ்சு. அடைப்பு, திறந்துதான் செய்யவேண்டும் என்று சொல்லி, பௌர்ணமிப் போயாவுக்கு அடுத்த கிழமை நாளும் குறித்துவிட்டார்கள். அப்பாவின் வயதைக் கேட்டதும் டொக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்தக் கொஞ்ச நேரம் அம்மாவுக்குப் போதும். அன்றிலிருந்து அவர் ஒரு கடவுளையும் விட்டுவைக்கவில்லை. கொட்டாஞ்சேனைச் சிவன் கோயிலில் நெய்விளக்கு, கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி. வீட்டுச் சுவரில் இருந்த முருகனுக்கு மட்டும், சொந்தக்காரர் என்ற உரிமையில், காலையிலும் மாலையிலும் பேச்சு விழுந்துகொண்டிருந்தது.

அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சையைப் பற்றிய பயம் மட்டுமில்லை. அப்பாவுக்குப் பின்னால் தான் மிஞ்சிவிடக் கூடாது என்பதுதான் அவருடைய பெரிய பயம். எனக்கு விபரம் தெரிந்த நாளிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மற்ற வீட்டு அம்மாக்கள் மரக்கறி விலை கதைக்கிற மாதிரி எங்கள் அம்மா, "நான் பொட்டோட போயிடவேணும்" என்று கதைப்பார். சோறு போட்டுக்கொண்டே சொல்லுவார். அப்பா அதற்கு, "போறதெண்டால் கறியை வைச்சிட்டுப் போம்" என்பார். இருவரும் சிரிப்பார்கள். டொக்டர் பேசாமல் இருந்த அன்றைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

கீழ்வீட்டு அக்கே சிங்களவர். எங்களுக்கு அவர் அக்கே, அவருக்கு எங்கள் அம்மா அம்மே, அப்பா மாத்தயா. ஒவ்வொரு வருடமும் ஒரு போயாவுக்கு அவர்கள் குடும்பமும் அக்கம்பக்கமும் சேர்ந்து பஸ் பிடித்து அநுராதபுரம் போவார்கள். இந்தமுறை அவர் மாடியேறி வந்து, "அம்மே, மாத்தயாவுக்காக வாங்க. போ மரத்துகிட்ட கேட்டா கிடைக்கும்" என்றார். போ மரம் என்றது அங்கேயுள்ள வெள்ளரசை. கையில் இந்தச் சேலை.

அம்மா சேலையைப் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அங்க எல்லாருமே வெள்ளைதான் அம்மே. கலர் போட்டா ஆக்கள் பாக்கும்."

"அவர் உயிரோட இருக்க நான் வெள்ளை கட்டுறதோ? சிவசிவா. தாலி கழுத்தில கிடக்கு மகள்."

அக்கேக்கு விளங்கவில்லை. அவருக்கு வெள்ளை என்றால் சுத்தம், கும்பிடப் போகிற உடுப்பு. எங்கள் ஆட்களுக்குள் வயதுபோன பெண் வெறும் வெள்ளை கட்டினால் அதற்கு ஒரே அர்த்தம். நான் நடுவில் நின்று இருபக்கமும் விளக்கினேன். கடைசியில் அலுமாரியைக் கிண்டி, கரை தெரியாத மங்கல் சந்தன நிறச் சேலை ஒன்றை அம்மா எடுத்தார். தூரத்தில் பார்த்தால் வெள்ளை, கிட்டப் பார்த்தால் இல்லை. புத்தருக்கும் பொல்லாப்பில்லை, புருஷனுக்கும் பொல்லாப்பில்லை என்றேன். அம்மா முறைத்தார்.

எனக்குக் கலியாணம் ஆகவில்லை. ஆகவே நான் வெள்ளை கட்டினால் எந்த ஆணின் உயிருக்கும் ஆபத்தில்லை. இரவல் சேலை என் தலையில் விழுந்தது.

அப்பாவுக்குத் துணையாக அக்கேயின் புருஷன் வந்து கிரிக்கெட் பார்ப்பதாக ஏற்பாடு. விடியப்புறம் நாங்கள் வெளிக்கிட்டபோது அப்பா கட்டிலில் எழும்பி உட்கார்ந்து, "அரசை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாப் போகுது இஞ்சேரும், பின்னேரம் வந்திடுவீரோ?" என்றார்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா படுங்கோ" என்றார் அம்மா. ஆனால் வாசல்வரை போனவர் திரும்பி வந்து அப்பாவின் போர்வையை இழுத்துவிட்டுப் போனார்.

ஒழுங்கை முகப்பில் பஸ் நின்றது. இன்னும் வெளிக்கவில்லை. வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து ஆட்கள் வெள்ளை வெள்ளையாக வெளியே வந்தார்கள். தினமும் காணுகிற ஆட்கள்தான். பேக்கரிக்காரர், எல்லோரும் நங்கி என்று கூப்பிடும் தையல் கடைப் பெண், ஓய்வுபெற்ற தபால்காரர். ஆனாலும் ஒருவருடைய முகமும் எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "செத்தவீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரி இருக்கு" என்று காதுக்குள் சொன்னார். நான் அவர் கையை ஒரு தட்டுத் தட்டி பஸ்ஸில் ஏற்றினேன்.

களனிப் பாலம் கடந்து, வத்தளை கடந்து, புத்தளம் பாதையில் போகும்போது வெளிச்சம் வந்தது. பஸ்ஸில் எல்லோரும் சேர்ந்து சரணம் சொன்னார்கள். அம்மா பக்கத்தில் இருந்து வாய்க்குள் தேவாரம் முணுமுணுத்தார். அவர்களுடைய மெட்டு ஒருபக்கம், அம்மாவுடைய மெட்டு ஒருபக்கம். யாரும் யாரையும் குழப்பவில்லை. அக்கே பாற்சோறும் கட்டைச் சம்பலும் வாழையிலையில் வைத்துத் தந்தார். அம்மா விரதம் என்று சொல்லி எதுவும் தொடவில்லை.

வெள்ளரசு மரத்தடியில் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது அந்த அமைதி. எங்கள் கோயிலில் மணி அடிக்கும், மேளம் முழங்கும், செருப்பைக் காணவில்லை என்று ஒருவர் சண்டை பிடிப்பார். இங்கே கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஆட்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள்கூட அழவில்லை. மேலே பொன் வேலிக்குள் முட்டுக்கொடுத்து நிறுத்திய கிளையில் இலைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. என் முகத்தில் காற்று படவில்லை. அரச இலை காற்றில்லாமலும் ஆடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நான் மேலே பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

அம்மா தாமரைப் பூவை வைத்துவிட்டு நெடுநேரம் கண்ணை மூடி நின்றார். வாய் அசைந்தது. இறங்கி வரும்போது கேட்டேன்.

"என்ன கேட்டனீங்கள்?"

"உனக்கேன்?"

"அப்பாவுக்குச் சுகம் வேணுமெண்டுதானே?"

"அதுவும்தான்" என்றார் அம்மா.

அந்த 'உம்' எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வெயில் ஏறிவிட்டது, காலில் செருப்பில்லை, கல் சுட்டது. அக்கே எல்லோரையும் பெரிய வெள்ளைத் தூபிக்கு, ருவான்வெலிசாய தாதுகோபத்துக்கு, விரட்டிக்கொண்டு போனார்.

வரிசையில் நின்று மேலே போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் சரியத் தொடங்கியிருந்தது. அந்தத் தாதுகோபம் எவ்வளவு பெரிது என்றால், அதன் ஒருபக்கத்தில் நிற்கிறவருக்கு மறுபக்கத்தில் நடப்பது எதுவும் தெரியாது. நடந்தால் வெள்ளைச் சுவர் வளைந்துகொண்டே போகும், முன்னால் போகிறவர்கள் அந்த வளைவுக்குள் ஒருவர்பின் ஒருவராகக் காணாமல்போவார்கள். நானும் அம்மாவும் வலப்பக்கமாகச் சுற்றத் தொடங்கினோம். கொஞ்சத் தூரம் போயிருப்போம், பின்னால் தவில் போன்ற ஒரு முழக்கமும் குழல் சத்தமும் வந்தன. தாதுகோபத்துக்குச் சுற்றிக் கட்டுகிற நீளத் துணியை ஊரே தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வந்தது. முடிவே இல்லாத துணி. அக்கேயும் அதில் ஒரு கை பிடித்திருந்தார். நான் ஒதுங்கி ஒரு பக்கம் நின்றேன். அம்மா மற்றப் பக்கம் நின்றார். துணி எங்களுக்கு நடுவே போனது. அது போய் முடிந்தபோது மற்றப் பக்கத்தில் அம்மா இல்லை.

கூட்டத்தில் தொலைந்துவிடும் என்று தன் போனை அம்மா காலையிலேயே என் கைப்பைக்குள் போட்டிருந்தார். போன் பத்திரமாக இருந்தது.

முதலில் நான் பதறவில்லை. சந்தன நிறத்தைத் தேடினேன். ஆனால் அந்த மஞ்சள் வெயிலில் அங்கே நின்ற அத்தனை வெள்ளையும் சந்தன நிறமாகத்தான் இருந்தது. நரைத்த கொண்டை, கொஞ்சம் கூனிய முதுகு, குள்ளமான உருவம். "அம்மா" என்று ஒரு தோளைத் தொட்டேன். திரும்பியது வேறு முகம். சிரித்தது. இன்னொரு தோள், இன்னொரு சிரிப்பு. இப்படி எத்தனை பேரைத் தொட்டேனோ தெரியாது. ஒருவரும் கோபப்படவில்லை, யார் நீ என்று கேட்கவுமில்லை. நான் தொடுவேன் என்று தெரிந்து காத்திருந்தவர்கள் போலத் திரும்பினார்கள்.

பிறகு மூளை வேலை செய்தது. அம்மாவும் சுற்றுகிறார், நானும் அதே பக்கமாகச் சுற்றுகிறேன் என்றால் நாள் முழுக்கச் சுற்றினாலும் பிடிக்க முடியாது. எதிர்ப்பக்கமாகப் போனால் எங்கேயாவது நேருக்கு நேர் சந்திக்கத்தானே வேண்டும்? நல்ல கணக்கு. திரும்பி, தாதுகோபம் என் இடக்கைப் பக்கம் இருக்க, நடக்கத் தொடங்கினேன்.

ஒரு வயதான பெண் என் கையைத் தொட்டு, "அனித் பெத்தென், துவே" என்றார். மற்றப் பக்கத்தால் போ மகளே என்று. நான் தலையாட்டிவிட்டு நடந்தேன்.

அதுவரை முதுகுகளைத்தான் பார்த்திருந்தேன். இப்போது முகங்கள் வந்தன. வளைவுக்குள்ளிருந்து ஒன்று மாறி ஒன்று வந்துகொண்டே இருந்தன. எல்லோரும் கையில் பூ வைத்திருந்தார்கள், வாய் முணுமுணுத்தது, கண்கள் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தன. என்மேல் மோதவில்லை. நான் போகுமுன்னே விலகி வழி விட்டார்கள். ஒருவர் போகிற அளவுக்கு இல்லை, இருவர் பக்கத்தில் பக்கத்தில் போகிற அளவுக்கு விட்டார்கள். அதை அப்போதே கவனித்தேன். இன்னொன்றையும் கவனித்தேன். கைப்பை என் வலது தோளில் இருந்தது, பாரமாக இருந்ததோ இடது கை. வெறுங்கை. இரண்டு மூன்று தடவை உதறிவிட்டேன். பாரம் போகவில்லை.

முழுச் சுற்றும் சுற்றி, துணி எங்களைப் பிரித்த இடத்துக்கே வந்தேன். வழி நெடுக அம்மாவைக் காணவில்லை. அங்கே யானைச் சிலைகள் வரிசையாக நின்ற மதிலோரத்தில், ஒரு கல்லில் உட்கார்ந்து உள்ளங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார் அம்மா.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. வழக்கம்போலக் கோபம் முந்திக்கொண்டது.

"எங்கையம்மா போனனீங்கள்? உயிரே போட்டுது எனக்கு!"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்னடி விசர்க்கதை? உன்னோடதானே சுத்தினனான்."

"என்னோடையோ?"

"கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனாய். இஞ்சை கொண்டந்து இருத்திப்போட்டு, விட்டிட்டுப் போனாய். ஒரு கதை பேச்சில்லை. கூட்டத்தில விலகினது கோவமாக்கும் எண்டு நானும் பேசாமல் வந்தனான்."

"ஆரையோ பிடிச்சுக்கொண்டு போயிருக்கிறியள். இஞ்சை எல்லாரும் ஒரே வெள்ளை. முகத்தைப் பாத்தனீங்களோ?"

"வெயில் எதிர அடிச்சுது, கண் கூசினது. சீலைதான் தெரிஞ்சுது. என்ரை பிள்ளையின்ரை கை எனக்குத் தெரியாதோ? குளிர்ந்துபோய்க் கிடந்தது. காய்ச்சலோ எண்டு யோசிச்சனான்." வலது கையை நீட்டினார். "அதோட மோதிரத்தையும் கல்லு உள்ளுக்கு இருக்கப் போட்டிருக்கிறாய். இஞ்சை பார், குத்தினது."

சின்ன விரலுக்குப் பக்கத்து விரலின் அடியில் தோல் பள்ளமாகப் பதிந்திருந்தது. அதைத் தடவிவிட்டேன். மெல்ல மெல்ல நிரம்பியது. பிறகு என் இரண்டு கைகளையும் விரித்து அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். நான் மோதிரமே போடுவதில்லை. வங்கியில் நாள் முழுக்க விசைப்பலகையில் தட்டுகிறவளுக்கு அது இடைஞ்சல். அம்மாவின் சொந்த மோதிரம், சிவப்புக்கல் பதித்தது, அவருடைய இடது கையில் தன்பாட்டில் இருந்தது. அது குத்தியிருக்க வழியில்லை.

அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"எந்தப் பக்கமாம்மா சுத்தினனீங்கள்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"அதுதான் எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. எல்லாரும் எங்களுக்கு எதிராத்தான் வந்தினம். முகம் முகமா."

எங்கள் ஆட்கள் இடப்பக்கமாகச் சுற்றுவது ஓரிடத்தில்தான். பிணத்தை. அது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கல் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது, எனக்கோ கழுத்துப் பின்புறம் குளிர்ந்தது.

அம்மா பயந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் பயப்படவில்லை. கொஞ்ச நேரம் தாதுகோபத்தைப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. பல நாட்களாக நான் காணாத தெளிவு.

"நடக்கேக்க உன்னட்டை ஒண்டு கேட்டனான்" என்றார்.

"என்ன?"

"அப்பா இருப்பாரோ பிள்ளை எண்டு. நீ மறுமொழி சொல்லேல்லை. கையை மட்டும் இறுக்கிப் பிடிச்சாய்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "சரி. அப்ப போறது நான்தான்."

"எழும்புங்கோ" என்றேன். "எழும்புங்கோ அம்மா, வலமாச் சுத்துவம். சுத்தினால் அது இல்லையெண்டு போயிடும்."

அதைச் சொன்னது நான்தான். பேய்க்கதைக்குச் சிரிக்கிறவள்.

"வேண்டாம்" என்றார் அம்மா. "கேட்டது கிடைச்சிருக்கு. திருப்பிக் குடுக்கிறதோ?"

கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அம்மாவைக் கல்லிலேயே விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டிருந்த அக்கேயிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, நான் தனியாக வலப்பக்கமாகச் சுற்றினேன். நடந்தேன் என்று சொல்ல முடியாது, ஓடினேன். இரவல் சேலை காலில் தடக்கியது. முருகா முருகா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, புத்தருடைய இடத்தில், எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடினேன். இந்தமுறை கை பாரமாக இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. எதையோ மறந்து வைத்துவிட்டு ஓடுவதாகத்தான் இருந்தது.

பஸ்ஸில் அக்கேக்குச் சொன்னேன். சும்மா சிரித்துத் தட்டிவிடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் தன் மணிக்கட்டில் இருந்த, பிக்கு ஓதிக் கட்டிய பிரித் நூலை அவிழ்த்து அம்மாவின் வலது மணிக்கட்டில் கட்டிவிட்டார். அம்மா நன்றாகச் சாப்பிட்டார். பாற்சோறு மிச்சமிருக்கோ என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். புத்தளம் வரும்வரை தையல் கடை நங்கியோடு சிங்களமும் தமிழும் கலந்து கதைத்து, பிறகு என் தோளில் சாய்ந்து உறங்கினார். நான் உறங்கவில்லை. அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே கொழும்பு வந்தேன்.

அப்பாவின் அறுவைச் சிகிச்சை நன்றாக நடந்தது. ஆஸ்பத்திரி நடைவழியில் நான் நகம் கடித்துக்கொண்டு நின்றபோது அம்மா வாங்கில் உட்கார்ந்து பக்கத்து ஆளோடு சுண்டங்காய்க் குழம்பு கதைத்துக்கொண்டிருந்தார். டொக்டர் வெளியே வந்து சொன்னபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அம்மா, "ஓம், தெரியும்" என்றார். டொக்டர் அவரை ஒருமாதிரிப் பார்த்தார்.

அதன் பிறகு நான் அம்மாவைக் காவல் காத்தேன் என்றுதான் சொல்லவேண்டும். இரத்தம் சோதித்தோம், நெஞ்சுக்குப் படம் எடுத்தோம். எல்லாம் சரி. "என்னை ஏன் மாடு மாதிரி இழுத்துக்கொண்டு திரியிறாய்?" என்பார். அப்பா முதலில் வீட்டுக்குள் நடந்தார், பிறகு ஒழுங்கையில், பிறகு ரயில் பாதை கடந்து கடற்கரையில். முகத்தில் நிறம் வந்தது. கறியில் உப்பில்லை என்று பழையபடி குறை சொல்லத் தொடங்கினார். நானும் மெல்ல மெல்லப் பயத்தை விட்டேன். வெயிலும் பட்டினியும் சேர்ந்து அம்மாவுக்கு அன்றைக்கு மயக்கமாக இருந்திருக்கும், யாரோ நல்ல மனுஷி கைபிடித்துக் கூட்டிப்போயிருப்பாள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்பா தனியாகக் கடற்கரைக்குப் போய்வரத் தொடங்கியிருந்த ஒரு பின்னேரம் வேலையால் வந்து கதவைத் திறந்தேன். முன்னறையில் லைட் போட்டிருக்கவில்லை. கதிரையில் வெள்ளையாக ஏதோ எனக்கு முதுகு காட்டி இருந்தது. காற்றில் அதன் ஓரம் அசைந்தது. ஸ்திரிக்கை போட்ட சேலை என்று நினைத்தேன். "அம்மா" என்று குசினிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன். குசினிக்குள்ளிருந்து மறுமொழி வரவில்லை.

அது அம்மாதான். தோய்த்துக் காய்ந்த பெட்ஷீட்டை மடித்துக்கொண்டு இருந்தபடியே போய்விட்டார். பாதி மடிப்பு மடியில் கிடந்தது, மீதி தோளில் கிடந்தது. முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

கனடாவிலிருந்து தம்பி வந்து இறங்கும்வரை உடலைப் பொரளை மலர்ச்சாலையில் வைத்திருந்தோம். நகைகளைக் கழற்றித் தரும்படி மலர்ச்சாலைக்காரர் சொன்னார். சிவப்புக்கல் மோதிரம் வர மறுத்தது, அம்மாவின் விரல்கள் தடித்தவை. சவர்க்காரம் பூசி எடுத்தேன். வைக்க இடமில்லை, தொலைந்துவிடக் கூடாது என்று என் இடது கை விரலில் போட்டேன். எனக்கு அது பெரிது.

கடைசி நாள். அம்மாவுக்குக் கூறைச்சேலை கட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தோம். அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டது அதுதான். தலைமாட்டில் கதிரை போட்டு அப்பா இருந்தார். நான் வெள்ளை கட்டியிருந்தேன். அவசரத்தில் என்னிடம் வெள்ளைச் சேலை இல்லை என்று, அக்கே பழையபடி அதையே கொண்டுவந்து தந்திருந்தார். மலர்ச்சாலையின் குளிரூட்டி உடம்பை விறைக்க வைத்தது. பெண்கள் வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது.

"இடப்பக்கமாச் சுத்தி வாங்கோ" என்றார் குருக்கள்.

நான் முதலாவதாகப் போகவேண்டும். நகரமுடியவில்லை. பெட்டிக்குள் இருந்த அம்மாவின் வலது கையை என் இடது கையால் பிடித்தேன். அக்கே கட்டிய நூல் கறுத்துப்போய் மணிக்கட்டில் அப்படியே இருந்தது. எந்தக் கை கூடக் குளிர் என்று எனக்குத் தெரியவில்லை. விடமனமில்லாமல் இறுக்கிப் பிடித்தேன். அப்போதுதான் என் விரலில் உறுத்தியது. பெரிதான மோதிரம் சுழன்று, கல் உள்ளங்கைப் பக்கம் திரும்பியிருந்தது.

கையை எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் சின்ன விரலுக்குப் பக்கத்து விரலின் அடியில், அதே இடத்தில், அதே பள்ளம். தடவிவிட்டேன். இந்தமுறை அது நிரம்பவில்லை.

"அக்கா, நடவுங்கோ, பின்னால ஆக்கள் நிக்கினம்" என்றான் தம்பி.

நடந்தேன். பெட்டி என் இடப்பக்கம் இருந்தது. எதிரே கதிரைகளில் இருந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன, எல்லாம் வெள்ளை. எனக்குப் பயமாக இருந்தது, உண்மைதான். ஆனால் அநுராதபுரத்தில் அவ்வளவு கூட்டத்துக்குள் அம்மா தனியாகவோ யாரோ தெரியாத ஒருத்தியோடோ நடக்கவில்லை, இந்தக் கையைப் பிடித்துத்தான் நடந்திருக்கிறார். அது எனக்குத் தெரிந்தபோது அழுகை இந்தமுறை கோபத்தை முந்திக்கொண்டது.

சுற்றி வந்து தலைமாட்டில் நின்றேன். அரிசியைப் போட்டேன். குனிந்து அவர் காதோடு வாயை வைத்து, அன்றைக்கு அவர் கேட்டதற்கு மறுமொழி சொன்னேன்.

"ஓம் அம்மா. அப்பா இருக்கிறார். கறியில உப்பில்லையெண்டு பேசிக்கொண்டு இருக்கிறார்."

சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. கையை இறுக்கியது மட்டும்தான் போய்ச் சேர்ந்தது.